பதினோரு நிமிட உத்தியோகம்

வேலை இல்லாமல் இருப்பது லேசான காரியம் என்று நினைப்பவர்கள் வேலையின்மை ஒழிப்புத் துறை அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வர வேண்டும். அங்கே அதற்கு நாற்பத்தொரு விதிகள் இருக்கின்றன. மற்றவர்கள் சும்மா இருப்பதை ஒழுங்காகச் செய்கிறார்களா என்று பார்ப்பதற்கே நானூற்றுப் பத்துப் பேர் சம்பளம் வாங்குகிறார்கள்.

ஃபிட்டர் ஒன்பது வருஷமாக அந்த விதிகளில் ஒன்றைக்கூட மீறாதவர். அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அடையாள அட்டையில் இருந்தது. ஆனால் பம்பு கம்பெனியில் பத்தொன்பது வருஷம் ஃபிட்டராக இருந்ததில் தெருவும் சொந்தபந்தமும் அதை மறந்துவிட்டன. கம்பெனியை மூடிய பிறகும் ஃபிட்டர் என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. ஓடாத கடிகாரத்தையும் கடிகாரம் என்றுதானே சொல்கிறோம்.

மூன்றாம் விதியின்படி, பதிவு செய்தவர்கள் திங்கள், புதன், வெள்ளி காலை பதினோரு மணிக்கு நேரில் வந்து இருப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். வேலை உள்ளவனால் பதினோரு மணிக்கு வர முடியாது, ஆகவே வருகிறவன் வேலையில்லாதவன் என்பது கணக்கு. இதைக் கண்டுபிடித்த அதிகாரிக்குப் பதவி உயர்வே கிடைத்தது. வாரத்தில் மூன்று நாள் பதினோரு மணிக்குக் காணாமல் போகிற ஆளை எந்தப் பட்டறை முதலாளியும் வைத்துக்கொள்ள மாட்டார். அதனால் பதிவு செய்தவர்கள் கடைசிவரை தகுதி குறையாமல் இருக்க அந்த விதி பெரிதும் உதவியது.

அலுவலகத் தெருவுக்கு மட்டும் வேலையின்மை என்றால் என்னவென்றே தெரியாது. பாஸ்போர்ட் அளவு போட்டோ எடுக்கிறவர், படிவம் பூர்த்தி செய்து தருகிறவர், ஜெராக்ஸ் கடை, பசை விற்கிறவர், அசலைத் தொலைத்தவர்களுக்கு அசலைப் போலவே செய்து தருகிறவர் என்று முப்பது குடும்பங்கள் அலுவலகப் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தவர்களை நம்பிப் பிழைத்தன. ஊரில் எல்லாருக்கும் வேலை கிடைத்துவிட்டால் அந்த முப்பது குடும்பமும் நடுத்தெருவுக்கு வந்துவிடும். நல்லவேளையாக அப்படி ஓர் ஆபத்து கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை.

ஃபிட்டர் காலை ஒன்பதரைக்கே டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுவார். கையெழுத்து நாளாக இல்லாவிட்டாலும் கிளம்புவார். ஆண்பிள்ளை பகலில் வீட்டில் இருந்தால் பக்கத்து வீடு துக்கம் விசாரிக்கிற குரலில் பேசும். கல்யாணம் காட்சிக்குச் சொந்தக்காரர்கள் வாசலோடு பத்திரிகையைக் கொடுத்துவிட்டு, "முடிஞ்சா வாங்க" என்பார்கள். அந்த ‘முடிஞ்சா’வைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

வீட்டில் மனைவி சட்டைக் கம்பெனியிலிருந்து மூட்டை மூட்டையாக வாங்கிவந்து பட்டன் தைத்தாள். ஒரு சட்டைக்கு எட்டுப் பட்டன், ஒரு மூட்டைக்கு நூறு சட்டை. ஊருக்கெல்லாம் பட்டன் தைக்கிற அந்த வீட்டில் ஃபிட்டரின் சட்டையில் மூன்றாவது பட்டன் இல்லை. கம்பெனி பட்டன்களை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கும். அதனால் அந்த இடத்தில் ஓர் ஊக்கு குத்தியிருந்தது.

ஒரே பையன். கடைசி வருஷப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கடல் தாண்டிப் போயிருந்தான். படித்தது கம்ப்யூட்டர், தூக்குவது செங்கல். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அப்பாவுக்கு வேலை ஆச்சாம்மா?" அப்பாவுக்கு வேலை ஆனால் திரும்பிவந்து அந்த ஒரு வருஷத்தை முடித்துவிடலாம் என்பது அவன் கணக்கு. மூன்று வருஷமாக அந்தக் கணக்கு அப்படியே நின்றது.

இந்த நிலைமையில்தான் ஒரு திங்கட்கிழமை கடிதம் வந்தது. வேலையின்மை ஒழிப்புத் துறையின் அலுவலகத்திலேயே ‘இயந்திரப் பராமரிப்பாளர்’ என்ற பதவி ஒன்று பதினொரு வருஷமாகக் காலியாக இருக்கிறதாம். பதிவு மூப்பின்படி ஃபிட்டர்தான் முதல் ஆளாம். நாற்பத்தைந்து வயது நிறைவதற்கு முன்பாக அசல் சான்றுகளுடன் மூன்றாம் ஜன்னலில் ஆஜராகிப் பணி ஆணை பெற்றுக்கொள்ள வேண்டும். டோக்கன் எண் முப்பத்தெட்டு.

மனைவி கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். பிறகு ஊசியைச் சட்டையிலேயே குத்தி வைத்துவிட்டு, "ஏங்க, உங்களுக்கு எப்பங்க நாப்பத்தஞ்சு முடியுது?" என்று கேட்டாள்.

"அடுத்த வெள்ளிக்கிழமை."

"அப்ப அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு. தாராளம்" என்றாள். பாவம், அவள் அதுவரை அந்த அலுவலகத்துக்குள் போனதில்லை.

செவ்வாய்க்கிழமை ஃபிட்டர் போனபோது மூன்றாம் ஜன்னலுக்கு மேலே இருந்த எண் பெட்டி முப்பத்தேழைக் காட்டியது. பழைய காலத்துப் பெட்டி. உள்ளே எண் எழுதிய சக்கரங்கள். ஜன்னலில் இருக்கும் அம்மா பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு நாக்கு பற்சக்கரத்தை ஒரு பல் தள்ளும், ஒரு ஸ்பிரிங் நாக்கைப் பழைய இடத்துக்கு இழுக்கும். தள்ளும்போது ‘டிக்’, இழுக்கும்போது ‘டக்’. முப்பத்தேழாம் எண்காரர் ஒரு பிளம்பர். அவர் வேலை நான்கே நிமிஷத்தில் முடிந்து, கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அம்மா பொத்தானை அழுத்தினார்.

டிக்.

அவ்வளவுதான். ‘டக்’ வரவில்லை. பெட்டி முப்பத்தேழிலேயே நின்றது. பெஞ்சில் இருந்தபடியே ஃபிட்டருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஸ்பிரிங்கின் கொக்கி ஒடிந்து ஆணியிலிருந்து நழுவியிருக்கிறது. பத்து நிமிஷ வேலை.

அவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். "அம்மா, நான்தான் முப்பத்தெட்டு."

"இருக்கலாங்க. ஆனா பெட்டியில முப்பத்தேழுதானே இருக்கு" என்றார் அம்மா. கெட்டவர் இல்லை. முப்பது வருஷம் அந்த ஜன்னல் வழியாக உலகத்தைப் பார்த்தவர், அவ்வளவுதான். "முன்னாடியெல்லாம் நாங்க வாயாலதான் கூப்பிட்டோம். வாயால கூப்பிட்டா ஊழல்னு சொல்லிட்டாங்க. எந்திரம் கூப்பிட்டாதான் வெளிப்படை. பெட்டியில வராத நம்பரை நான் பார்த்தா என் பென்ஷன் போயிடும்."

"முப்பத்தேழு வீட்டுக்குப் போயிட்டாரேம்மா."

அதற்கும் வழி இருந்தது. விதிப்படி பெட்டியில் இருக்கும் எண்ணைத்தான் கவனிக்க வேண்டும். மறுநாள் வாட்ச்மேனை அனுப்பிப் பிளம்பரை வீட்டிலிருந்து கூட்டிவந்தார்கள். அவரைப் புதிதாக விசாரித்து, புதிதாகக் கையெழுத்து வாங்கி, புதிதாகப் பதிவு செய்து அனுப்பினார்கள். பெட்டி நகரவில்லை. அதற்கடுத்த நாளும் கூட்டிவந்தார்கள். ஐந்தாவது தடவை பிளம்பர், "என்னை விட்டுடுங்கய்யா, ஊருல ஒரு குழாய் ஒழுகுது, அதையாவது பார்க்கறேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவர் ஒருவரே ஆறு தடவை பதிவானதில் சில நாளிலேயே ஊரில் வேலையில்லாதவர்களின் தொகை ஐந்து கூடிவிட்டது. அதைக் கவலைக்குரிய போக்கு என்று புள்ளிவிவரப் பிரிவு மேலிடத்துக்கு எழுதியது.

பெட்டி பழுதானதை யாரும் கவனிக்காமலும் இல்லை. முதல் நாளே முறைப்படி புகார் எழுதி, முறைப்படி இயந்திரப் பராமரிப்பாளரின் மேஜைக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த மேஜை ஹாலின் மூலையிலேயே இருந்தது. மேஜை, நாற்காலி, தண்ணீர் டம்ளர், டம்ளருக்கு மூடி எல்லாம் இருந்தன. ஆள்தான் இல்லை. இரண்டு நாள் கழித்து நினைவூட்டல் கடிதம் அந்த மேஜைக்குப் போனது. நான்காம் நாள், கடிதங்களுக்குப் பதில் தராததற்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ போனது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஃபிட்டர், தான் இன்னும் சேராத வேலையில் தன் பேரில் குற்றப்பத்திரிகை சேர்ந்துகொண்டே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சேர்ற அன்னைக்கே சஸ்பெண்ட் ஆயிடுவீங்க போல இருக்கே அண்ணே" என்றான் பக்கத்தில் இருந்த டபுள் எம்.ஏ. இரண்டு பாடத்தில் எம்.ஏ. படித்துவிட்டு ஏழு வருஷமாக அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன். அவன் டோக்கன் ஐம்பத்திரண்டு. "அதுக்கும் கொடுத்து வைக்கணும். சஸ்பெண்ட் ஆகறதுக்கே முதல்ல வேலை வேணும்."

ஃபிட்டர் சிரிக்கவில்லை. அந்த ‘டிக்’ அவரை என்னவோ செய்தது. அம்மா கடமை தவறாமல் மணிக்கு ஒரு தடவை பொத்தானை அழுத்திப் பார்ப்பார். ஒவ்வொரு ‘டிக்’குக்கும் ஃபிட்டரின் வலது கைவிரல்கள் தாமாக மடங்கி விரியும்.

"அம்மா, நான் ஃபிட்டர். பத்து நிமிஷத்துல சரி பண்ணித் தர்றேன். காசு வேணாம்" என்று இரண்டாம் வாரம் திங்கட்கிழமை மறுபடி ஜன்னலுக்குப் போனார்.

அம்மா விரலால் சுவரைக் காட்டினார். சட்டம் போட்டுத் தொங்கவிட்டிருந்த விதி பதினான்கு: ‘பதிவு பெற்றவர் அலுவலக வளாகத்தில் எத்தொழிலும் செய்தல் கூடாது. செய்பவர் பணியில் உள்ளவராகக் கருதப்பட்டுப் பட்டியலிலிருந்து நீக்கப்படுவார்.’

"டைரக்டர் சாரைப் பார்த்து ஒரு அனுமதி வாங்கிக்குங்களேன்" என்றார் அம்மா, மனசு கேட்காமல்.

இயக்குநர் அறையில் வெள்ளி விழா ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. துறை தொடங்கி இருபத்தைந்து வருஷம் ஆகிறது, வெள்ளிக்கிழமை விழா. இயக்குநர் கையில் பேச்சுக் காகிதத்தோடு நடந்து நடந்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். ஃபிட்டரைப் பார்த்ததும் அவருக்கு மகிழ்ச்சி. கேட்பதற்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டதே.

"உட்காருங்க. இல்ல, நின்னுக்கிட்டே கேளுங்க, விழாவுல கூட்டம் நின்னுக்கிட்டுதான் கேக்கும்" என்று ஆரம்பித்தார். "இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னால இந்தத் துறையை ஆரம்பிச்சப்ப நாங்க நாலே பேர். இன்னைக்கு நானூத்திப் பத்துப் பேர்! இந்த ஊர்ல வேற எந்தக் கம்பெனியாவது இத்தனை பேருக்கு வேலை குடுத்திருக்கா? சொல்லுங்க! வேலையின்மையை நாங்க ஒழிக்கலன்னு எவன் சொல்றான்?"

"இல்ல சார், அந்தப் பெட்டி..."

"இருங்க, முக்கியமான இடம் வருது. அன்னைக்குப் பதிவு பண்ணினவங்க வெறும் நாலாயிரம். இன்னைக்கு நாலு லட்சம்! நூறு மடங்கு வளர்ச்சி! இது யாரால? நம்ம உழைப்பால." காகிதத்தை இறக்கிவிட்டு, தன் சொந்தக் குரலில் மெதுவாகச் சொன்னார்: "நீங்க நம்ம ஆள் மாதிரி, அதனால சொல்றேன். வேலையின்மை திடீர்னு ஒழிஞ்சுதுன்னு வைங்க. நாங்க நானூத்திப் பத்துப் பேரும் எங்க போறது? உங்கள மாதிரி வந்து பெஞ்சுலயா உட்கார முடியும்? எல்லாத்தையும் பக்குவமாத்தான் செய்யணும்."

பெட்டியைத் திறக்க அனுமதி கேட்டதற்கு, அதை வழங்கும் அதிகாரம் இயந்திரப் பராமரிப்பாளருக்குத்தான் உண்டு என்றும், விண்ணப்பத்தை அந்த மேஜையில் வைத்துவிட்டுப் போகும்படியும் சொன்னார். ஃபிட்டர் வைத்துவிட்டுப் போனார். வேறு என்ன செய்வார்? தன் மேஜையிலேயே தனக்கு ஒரு மனு.

புதன்கிழமை மாலை வீட்டில் விளக்கைப் போட்டுவிட்டு மனைவி பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். ஃபிட்டர் நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தார்.

"பத்து நிமிஷ வேலைன்னு சொல்றீங்க. செஞ்சுட்டு வர வேண்டியதுதானே?"

"விதி பதினாலும்மா."

"நாளையோட வயசு முடிஞ்சுடும். செஞ்சாலும் பேரு போகும், செய்யாட்டியும் பேரு போகும். செஞ்சா முப்பத்தெட்டாவது வரும்." பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். "பையன் கைய போன்ல பார்த்தீங்களா? உள்ளங்கை பூரா காய்ச்சுப் போயிருக்கு. அந்த விதியா வந்து அவனைக் கூட்டிட்டு வரப்போகுது?"

ஃபிட்டர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். ஒன்பது வருஷத்தில் அது பூப்போல மெத்தென்று ஆகியிருந்தது. அவமானமாக இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் நாலு இருபதுக்கு அவர் பெஞ்சிலிருந்து எழுந்தார். இயக்குநரும் பெரும்பாலான ஊழியர்களும் பின்பக்கம் மேடை கட்டுவதைப் பார்க்கப் போயிருந்தார்கள். மூலை மேஜைக்குப் போனார். தன்னுடையதாக இருந்திருக்க வேண்டிய அந்த நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து மூன்றாம் ஜன்னலுக்குக் கீழே போட்டார். டபுள் எம்.ஏ. வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

"என்னங்க பண்றீங்க, இறங்குங்க" என்றார் அம்மா. ஆனால் கத்திச் சொல்லவில்லை. எட்டு நாளாகப் பொத்தானை அழுத்தி அழுத்தி அவருக்கும் விரல் வலித்தது.

பெட்டியின் மூடியை நெம்பித் திறந்தார். அவர் நினைத்தது சரிதான். கொக்கி ஒடிந்த ஸ்பிரிங் தொங்கிக்கொண்டிருந்தது. புதுக் கொக்கிக்குக் கம்பி வேண்டும். சட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினார். சட்டை திறந்துகொண்டதைப் பற்றி யோசிக்கவில்லை. ஊக்கைப் பல்லால் நிமிர்த்தி, சாவியின் விளிம்பில் வைத்து வளைத்து, ஒரு முனையை ஸ்பிரிங்கிலும் மறுமுனையை ஆணியிலும் மாட்டினார். ஒன்பது வருஷமாகத் தூங்கிய விரல்களுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. அந்த நேரத்தில் அவருக்கு வயசோ விதியோ மணியோ எதுவுமே ஞாபகம் இல்லை. உண்மையைச் சொன்னால், அந்த ஒன்பது வருஷத்தில் அவர் சந்தோஷமாக இருந்தது அப்போதுதான்.

"அம்மா, இப்ப அழுத்துங்க."

டிக். டக்.

முப்பத்தெட்டு.

பெஞ்சுகள் எல்லாம் எழுந்து நின்று கைதட்டின. ஃபிட்டர் கீழே இறங்கி, ஒரு கையால் சட்டையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சான்றுகளை ஜன்னலுக்குள் நீட்டினார். அம்மா ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். பிறந்த தேதி சரி. அனுபவம் சரி. மூப்பு சரி. பணி ஆணையை எடுத்து மேஜைமேல் வைத்தார். கடைசியாகப் படிவத்தின் இருபத்திரண்டாம் கட்டத்துக்கு வந்தார்.

"இன்னைக்கு ஏதாவது தொழில் செஞ்சீங்களா?"

ஃபிட்டர் சட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "இல்லம்மா."

"என் தலைக்கு மேலதானேங்க செஞ்சீங்க."

வாட்ச்மேன் தன் நோட்டோடு வந்து நின்றான். அவனும் பொல்லாதவன் இல்லை. பார்த்ததை எழுதாவிட்டால் வேலை போய் அவனும் பெஞ்சுக்குப் போக வேண்டியிருக்கும். ‘மாலை 4.20 முதல் 4.31 வரை எந்திர வேலை, நபர் ஒன்று.’

"நான் நாற்காலியைப் பிடிச்சேனே, என்னையும் எழுதுங்க" என்று டபுள் எம்.ஏ. முண்டிக்கொண்டு வந்தான். "எல்லா இடத்துலயும் முன் அனுபவம் கேக்கறாங்க. பதினோரு நிமிஷம்னாலும் அனுபவம் அனுபவம்தானே?"

வாட்ச்மேன் யோசித்து, ‘இன்னொருவர் சும்மா நின்றார்’ என்று எழுதிக்கொண்டான்.

அம்மாவுக்குக் கண் கலங்கியது. பணி ஆணையை எடுத்து மறுபடி உள்ளே வைத்தார். "வேலையில இருக்கிறவருக்கு வேலை குடுத்தா, வேலை இல்லாதவங்க வயித்துல அடிச்ச மாதிரி ஆயிடுங்க. நான் என்னங்க செய்வேன்? எந்திரம் ஓடுது. இனி எல்லாம் முறைப்படி ஓடணும்."

மணி நாலு ஐம்பது. ஃபிட்டர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் முப்பத்தொன்பதாம் எண்காரர், "அண்ணே, கொஞ்சம் நகர்றீங்களா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் வயசு ஆகிக்கொண்டிருந்தது.

செய்தி கேட்டு இயக்குநர் மேடையிலிருந்து ஓடிவந்தார். ஃபிட்டர் அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். இயக்குநர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பதிவேடுகளை எல்லாம் புரட்டிப் பார்த்ததில், துறை தொடங்கிய இருபத்தைந்து வருஷத்தில், தன் ஊழியர்களைத் தவிர, பட்டியலில் இருந்து வேலைக்குப் போன முதல் ஆள் ஃபிட்டர்தான் என்று தெரியவந்ததாம்.

மறுநாள் விழாவில், தன் நாற்பத்தைந்தாவது பிறந்த நாளில், ஃபிட்டர் மேடை ஏறினார். கண்ணாடி போட்ட சான்றிதழ் ஒன்றைக் கொடுத்தார்கள்: ‘இத்துறையால் பணியமர்த்தம் பெற்றவர், எண் 1.’ போட்டோக்காரர்கள் சட்டையிலிருந்து கையை எடுக்கச் சொன்னார்கள். அவர் எடுக்கவில்லை.

"சிலர் கேக்கறாங்க, இருபத்தஞ்சு வருஷத்துல ஒருத்தருக்குத்தானான்னு!" என்று இயக்குநர் ஒலிபெருக்கியில் முழங்கினார். "நான் சொல்றேன், ஒருத்தர்ல ஆரம்பிக்காத எண்ணிக்கை உலகத்துல உண்டா? இன்னொரு நல்ல செய்தி. பெட்டி இப்ப நல்லா ஓடறதால, பராமரிப்பாளர் பதவி தேவையில்லன்னு முடிவு பண்ணி அதை நேத்தே ரத்து பண்ணிட்டோம். ஒரே நாள்ல ஒரு வேலையும் குடுத்தோம், ஒரு சிக்கனமும் பண்ணினோம்!"

கூட்டம் கைதட்டியது. கூட்டத்தில் பாதிப் பேருக்குக் கைதட்டினால் டீ உண்டு என்று சொல்லியிருந்தார்கள்.

மேடையிலிருந்து இறங்கும்போது ஃபிட்டர் இயக்குநரின் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், அந்த வேலை நேத்து நாலு முப்பத்தொண்ணுக்கே முடிஞ்சு போச்சு சார். இப்ப நான் திரும்பவும் வேலை இல்லாதவன்தானே. மறுபடி பதிஞ்சுக்கலாமா?"

"தாராளமா! யார் வேணாலும் பதியலாம்" என்ற இயக்குநர், ஒரு கணம் நின்று வருத்தத்தோடு, "அடடா, உங்களுக்கு இன்னைக்கு நாப்பத்தஞ்சு முடிஞ்சுடுச்சே" என்றார்.

பத்திரிகையில் படம் வந்தது. பக்கத்து வீடு துக்கக் குரலை விட்டுவிட்டு, "சொல்லவே இல்லையே!" என்று கோபித்துக்கொண்டது. மச்சினன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வீட்டுக்குள்ளே வந்து உட்கார்ந்து கொடுக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காமல் பையன் சனிக்கிழமையே கூப்பிட்டான்.

"அப்பா! போட்டோ பார்த்தேன்பா! ஏம்ப்பா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க, அழுதுட்டீங்களா? இங்க மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன், கான்ட்ராக்டைப் புதுப்பிக்கல, அடுத்த மாசம் கிளம்பி வந்துடறேன்."

ஃபிட்டர் போனை மனைவியிடம் நீட்டினார். அவள் வாங்க மறுத்துவிட்டாள். அவரே சொல்ல வேண்டியிருந்தது.

"மேஸ்திரிகிட்ட போய் புதுப்பிச்சுக்கடா" என்றார். "இது... தற்காலிகம்தான்." அந்தப் பக்கத்திலிருந்து "சரிப்பா" என்று கேட்டது.

சான்றிதழுக்குச் சுவரில் ஆணி அடிக்க வேண்டாம் என்று மனைவி சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை அவளே படிவத்தை எடுத்துக்கொண்டு மூன்றாம் ஜன்னலுக்குப் போனாள். அவளுக்கு நாற்பத்தொன்று. இன்னும் நாலு வருஷம் இருந்தது.

"வேலை ஏதாவது செய்யறீங்களாம்மா?" என்று கேட்டார் ஜன்னல் அம்மா.

ஃபிட்டரின் மனைவி பொய் சொல்லத் தெரியாதவள். "காலைல அஞ்சு மணிக்குத் தண்ணி பிடிப்பேன். சமையல், துவையல், வீடு கூட்டறது. அப்புறம் ராத்திரி வரைக்கும் சட்டைக்குப் பட்டன் தைப்பேன். ஒரு நாளைக்கு எண்ணூறு பட்டன்."

"நியமன ஆணை ஏதாவது இருக்கா?"

"இல்லீங்க."

"அப்ப அது பொழுதுபோக்கு" என்று சொல்லி, ‘வேலை இல்லை’ என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பிறகு ஜன்னலோடு முகத்தை ஒட்டி வைத்து, ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குச் சொல்கிற குரலில் சொன்னார்: "வீட்டுல ஒருத்தர் நிரந்தரமா வேலையில இருந்தா இன்னொருத்தருக்குக் கார்டு கிடையாது. உங்க வீட்டுக்காரர் ஒரு தடவை செஞ்சது தற்காலிகம். அதனாலதான் உங்களுக்குக் கார்டு தர முடிஞ்சது. இன்னொரு தடவை இங்க ஏதாவது செஞ்சார்னா தொடர் பணி ஆயிடும், உங்க கார்டும் போயிடும். அவர் கையைக் கொஞ்சம் பார்த்துக்குங்கம்மா."

அதிலிருந்து திங்கள், புதன், வெள்ளியில் இருவரும் சேர்ந்தே வந்தார்கள். டிபன் பாக்ஸை அவள் எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். அவரை வாட்ச்மேன் விடமாட்டான். உள்ளே வேலையில்லாதவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. அவர் கேட்டுக்கு வெளியே, பசை விற்கிறவரின் கடைக்குப் பக்கத்தில் கிடந்த மரக்கட்டையில் உட்கார்ந்திருப்பார். உள்ளே இருந்து ‘டிக் டக், டிக் டக்’ என்று பெட்டியின் சத்தம் வரும். அது ஓடுவதைக் கேட்பதில் அவருக்கு ஓர் ஆறுதல் இருந்தது என்பதை மறைப்பானேன்.

இரண்டு மாதம் கழித்து மனைவிக்கு ஒரு கடிதம் வந்தது. ஆஸ்பத்திரியில் துணி மடிக்கும் வேலை. டோக்கன் நூற்று மூன்று. குறித்த நாளில் மாலை ஐந்துக்குள் ஆஜராக வேண்டும். அன்று காலையிலிருந்து ஃபிட்டர் கட்டையில் உட்கார்ந்து ‘டிக் டக்’குகளை எண்ணிக்கொண்டிருந்தார். மூன்றரை மணிக்கு நூற்றிரண்டு ஆனது.

பிறகு, டிக்.

ஃபிட்டர் காத்திருந்தார். ‘டக்’ வரவில்லை. ஊக்கு நிமிர்ந்துவிட்டது. அவருக்குத் தெரியும், ஊக்கு எத்தனை நாளைக்குத் தாங்கும்? உள்ளே மறுபடியும் ஒரு டிக். மறுபடியும். அவர் எழுந்தார். கேட்டுக் கம்பி வழியே பார்த்தால் கூடத்தின் கோடியில் மனைவி பெஞ்சிலிருந்து திரும்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். டோக்கனை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

அவர் திரும்பவும் கட்டையில் உட்கார்ந்தார். விரல்கள் மடங்கி விரிந்தன. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் பாரத்தை அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.

வாட்ச்மேன் வெளியே வந்து பீடி பற்றவைத்தான். "என்னண்ணே, இந்த வெயில்ல சும்மா உட்கார்ந்திருக்கீங்க?"

"சும்மா இல்லப்பா" என்றார் ஃபிட்டர். "டூட்டியில இருக்கேன்."